குத்துச்சண்டைக்கு மேல் இரண்டாவது கலை: எது, எப்போது, எங்கே முட்டிக்கும்?

#1 வளைகரம்

குத்துச்சண்டையில அடிப்படை கைவந்த ஒருத்தர் கூடவே ஒரு பிடிக் கலையும் பழகினா உருப்படியா என்ன கிடைக்கும்? "நாலும் தெரிஞ்சிருந்தா நல்லதுதானே"ங்கிற பொதுப்பேச்சு வேண்டாம். எந்த இடத்துல கைகொடுக்கும், படிஞ்சுபோன பழக்கத்தோட எங்கே முட்டிக்கும், அதைத்தான் கேட்கிறேன். ஜூடோ, மல்யுத்தம், பிஜேஜே (பிரேசிலியன் ஜியு-ஜிட்சு, தரையில பூட்டும் நெரிப்பும்) மூணுல எது முதல்ல? வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கைவசம்னு வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

#2 ஒருகலை

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் காரணம் கேட்பீர்கள்.

நேராக வரும் குத்துக்கு ஒரே பதிலைப் பழகியவர் யோசிக்க வேண்டியதில்லை. அதே குத்துக்கு நழுவலாம், தட்டலாம், காலுக்குப் பாயலாம், கட்டிப்பிடிக்கலாம் என்று நாலு பதில் வைத்திருப்பவர் முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்வு கூடக்கூட எதிர்வினை நேரமும் கூடும் என்று உளவியலாளர் ஹிக் 1952-லேயே விளக்குகளை வைத்துச் சோதித்துக் காட்டிவிட்டார். அடி படுவதும் படாததும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் இருக்கிறது. தவிர, நாலு நாளில் இரண்டைப் புதிய கலைக்குக் கொடுத்தால் பழையது தேயும், புதியது அரிச்சுவடியிலேயே நிற்கும்.

#3 தரைவாசி

ஹிக் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சோதனையில் எந்த விளக்கு எரியும் என்று முன்கூட்டித் தெரியாது. சண்டையில் தூரமே பாதித் தேர்வைக் கழித்துவிடும். கை எட்டாத தூரத்தில் உதைதான் பேசும். நெற்றியோடு நெற்றி உரசும் தூரத்தில் நீளமான குத்துக்கு வேலையே இல்லை, பிடியும் முழங்காலும்தான். ஆக, எத்தனை பதில் தெரியும் என்று எண்ணுவதில் பயனில்லை. எந்தத் தூரத்தில் ஒரு பதிலும் இல்லை என்று பார்க்க வேண்டும். இரண்டாவது கலையின் மதிப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த ஓட்டை எங்கே இருக்கும் என்பதைப் பெரும்பாலும் போட்டி விதி சொல்லிவிடும். எதற்குப் புள்ளி இல்லையோ, எதற்குத் தடை இருக்கிறதோ, அதற்கு எதிரான தற்காப்பு அந்தக் கலையில் வளராது.

ஒலிம்பிக் டேக்வாண்டோவில் தலையில் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கவும் கூடாது. உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் இன்னும் அதிகம். இந்தக் கணக்கில் கையை உயர்த்தி முகத்தைக் குத்திலிருந்து காக்க அவசியமே இல்லை, பக்கவாட்டில் நிற்பதும் பாதுகாப்புதான். அதே நிற்பை லோ கிக் (காலில் உதைப்பது) அனுமதிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் முன்கால் இலவச இலக்கு.

கியோகுஷின் கராத்தே போட்டியில் முகத்தில் கையால் குத்தத் தடை. நெஞ்சோடு நெஞ்சு நின்று உடம்பைத் தாங்கும் உறுதி அபாரமாக வளரும். ஆனால் அந்தத் தூரத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரரின் ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) வந்தால் கை மார்பளவில்தான் இருக்கும்.

ஜூடோவில் 2010-ல் நேரடியாகக் காலைப் பிடிப்பதற்குத் தடை வந்தது, 2013-ல் அது முழுத் தடையானது. அதற்குப் பிறகு பழகியவர்கள் நிமிர்ந்தே நிற்பார்கள், டபுள் லெக் (இரண்டு காலையும் பிடித்து வீழ்த்துவது) வரும் என்ற நினைப்பே இருக்காது. விழுந்ததும் ஆமைபோலக் கவிழ்ந்து நடுவர் நிறுத்தக் காத்திருப்பது ஜூடோவில் சரியான உத்தி. பிஜேஜேயில் அது முதுகை எடுத்துக்கொள் என்று கொடுக்கும் அழைப்பு, எதிராளிக்கு 4 புள்ளி.

மல்யுத்தக்காரருக்கும் இதே சிக்கல். ஃப்ரீஸ்டைலில் முதுகு பாயை நோக்கித் திரும்பினாலே 2 புள்ளி போகும் என்பதால் விழும்போதே வயிற்றுப் பக்கம் புரள்வார். கழுத்து நெரிப்பு இருக்கும் விதியில் அந்தப் புரளலே ஆபத்து. ரஷ்யப் பிடிக் கலையான சாம்போவும் ஜூடோவும் இதில் நேர் எதிர்: விளையாட்டு சாம்போவில் கால் பூட்டு (மூட்டை மடக்கிப் பணியவைக்கும் பிடி) உண்டு, கழுத்து நெரிப்பு கிடையாது, ஜூடோவில் நெரிப்பு உண்டு, கால் பூட்டு கிடையாது. ஒன்றில் ஊறியவர் மற்றதில் ஆறு மாதம் பழகினாலே தன் ஓட்டை தெளிவாகத் தெரிந்துவிடும்.

#4 ஒருகலை

விதிதான் பிரச்சினை என்றால், இருக்கும் கூடத்திலேயே விதியைத் தளர்த்தி ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தால் போயிற்று. இன்னொரு கூடம், இன்னொரு ஆசிரியர் எதற்கு?

#5 மூணாம்ரவுண்டு

அண்ணே, அங்கேதான் கோட்டை விடுவாங்க. குத்துச்சண்டைக் கூடத்துல ஒருத்தர் இன்னொருத்தர் காலைப் பிடிக்கப் பாயறார்னு வைங்க. அவர் இடுப்பை வளைச்சு, தலையைத் தொங்கப்போட்டு, ரெண்டு அடி தூரத்துலயிருந்து பாய்வார். அதைத் தடுக்கிறது சுலபம். "நமக்கு டேக்டவுன் (தரையில வீழ்த்துறது) தடுக்க வருது"ன்னு ஒரு தப்பான நம்பிக்கை வந்துடும். நிஜ மல்யுத்தக்காரர் கையைத் தட்டி, உங்க எடையை முன்காலுக்கு மாத்தவெச்சு, அப்புறம்தான் உள்ளே வருவார். மோசமான தாக்குதலுக்கு எதிராப் பழகின தற்காப்பு மோசமான தாக்குதலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதனாலதான் அந்தக் கலைக்காரங்க நடுவுல போய் நிக்கணும்.

1993 நவம்பர்ல டென்வர்ல நடந்த முதல் யுஎஃப்சியில (பல கலைக்காரங்க மோதுற போட்டி) தொழில்முறை குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிமர்சன் ஒரு கையில மட்டும் கிளவுஸோட வந்தார். பிஜேஜேக்காரர் ராய்ஸ் கிரேசி அவரை வீழ்த்தி மேல உட்கார்ந்ததும், எந்தப் பூட்டும் விழுறதுக்கு முன்னாடியே கையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கிட்டு விலகிட்டார். அதே ராய்ஸை 2006-ல மாட் ஹியூஸ் முதல் ரவுண்டிலேயே நிறுத்தினார். ஹியூஸ் மல்யுத்தக்காரர், ஆனா பிஜேஜே பூட்டுகளையும் கத்துக்கிட்டு வந்தவர். நடுவுல பதிமூணு வருஷத்துல என்ன மாறுச்சுன்னு பாருங்க.

இன்னொண்ணு, நீங்க "ஒரே கலை"ன்னு சொல்ற ஜூடோவே 1882-ல கானோ ஜிகோரோ தென்ஜின் ஷின்யோ, கிதோ ரெண்டு மரபையும் பழகி, ரெண்டுலயிருந்தும் எடுத்துக் கட்டினதுதான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். வளைகரம், குத்துச்சண்டை நிற்போட முட்டிக்கிற இடங்கள்:

முதல்ல கால். வலது கைக்காரர் குத்துச்சண்டையில இடது காலை முன்னால வைப்பார், பலமான கை பின்னால. மல்யுத்தத்துல வலது கைக்காரர் பெரும்பாலும் வலது காலை முன்னால வைப்பார், பலமான பக்கம் பிடிக்கப் போகணும்ங்கிறதுக்காக. ஜூடோ வலது பிடியும் அப்படித்தான், வலது கை காலர்ல, வலது கால் சற்றே முன்னால. ஆசிரியர் சொல்றபடி வலது முன்காலோட டபுள் லெக் பழகிட்டு, ஸ்பாரிங்ல இடது முன்காலோட நின்னா, பாய்ச்சலே வராது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆரம்பத்துலயிருந்தே இடது முன்காலோட பாயப் பழகுறது. முதல்ல பலமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ஜாப் (முன்னால இருக்கிற கையால நேர்க்குத்து) போட்ட அதே நிற்புல உள்ளே போகலாம். ரெண்டாவது, ஜாப், கிராஸ் (பின்னால இருக்கிற கையால நேர்க்குத்து) போட்டுட்டு வலது காலை முன்னால எடுத்து வெச்சு அந்த அடியிலேயே இறங்குறது. இதுல கால் ரெண்டும் ஒரே கோட்டுக்கு வர்ற நொடியில அடி வாங்கினா சாய்ஞ்சுடுவீங்க. அதனால முதல் வழியே முதல்ல.

அடுத்தது குனியறது. ஹூக்குக்குக் கீழே இடுப்பை வளைச்சுக் குனியற பழக்கம் இருந்தா, பிடிக்காரர் பின்கழுத்துல கையைப் போட்டு அப்படியே கீழே இழுத்துடுவார். முய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) விதியில அதே இடத்துல முழங்கால் ஏறும். முழங்காலை மடக்கி இறங்கணும், நெஞ்சு நிமிர்ந்தே இருக்கணும்.

முன்பாதத்தை உள்பக்கம் திருப்பி வெச்சிருக்கிறதும் பிரச்சினை. ஜாபுக்கு அது நல்லா உதவும். ஆனா லோ கிக் வந்தா தொடையோட பின்பக்கமும் கெண்டைக்காலும் திறந்து கிடக்கும், எடை முன்கால்ல இருக்கிறதால தூக்கித் தடுக்கவும் முடியாது. பாதத்தை எதிராளி பக்கம் கொஞ்சம் திருப்பி, எடையைச் சரிபாதியாக்கினா முழங்காலைத் தூக்கிக் அதுக்குக் கீழே இருக்கிற முன்பக்க எலும்பால வாங்கிக்கலாம்.

கடைசியா, கிளவுஸ். 16 அவுன்ஸ் கிளவுஸை ரெண்டு கன்னத்துலயும் ஒட்டி வெச்சா அது கேடயம். 4 அவுன்ஸ் கிளவுஸ்னா, அதாவது ஏறத்தாழ 113 கிராம், நடுவுலயும் மேலயும் குத்து நுழையும். முன்கையாலயும் காலாலயும் தூரத்தை விடாமப் பார்த்துக்கிறது மட்டும்தான் பாதுகாப்பு.

#6 மடிப்பிடி

எது முதலில் என்ற கேள்விக்கு ஜூடோக்காரர் பக்கத்திலிருந்து நேர்மையாகச் சொல்கிறேன். குத்துச்சண்டைக்காரருக்கு முதலில் வேண்டியது நின்றபடி பிடியை உதறி விலகுவதும், விழுந்தால் எழுந்து நிற்பதும். அந்தக் கணக்கில் மல்யுத்தம் முதல், ஜூடோ அடுத்தது, பிஜேஜே மூன்றாவது. வாய்ப்பிருந்தால் இதே வரிசை.

ஜூடோவின் தனிச் சொத்து விழப் பழகுவது. மற்ற இரண்டிலும் முதல் வாரத்திலேயே இவ்வளவு முறையாக இதைச் சொல்லித்தருவதில்லை. தாடையை நெஞ்சோடு சேர்ப்பது, மூச்சை விடுவது, கையை ஊன்றாமல் முன்கையும் உள்ளங்கையும் சேர்த்துத் தரையைத் தட்டுவது. கையை ஊன்றினால் மணிக்கட்டும் முழங்கையும் போகும். (கடினமான தரையில் அந்தத் தட்டலை ஓங்கிச் செய்யாதீர்கள், உருண்டு வேகத்தைக் கரைப்பதுதான் முக்கியம்.)

அதன் பலவீனம் உடையை நம்பியிருப்பது. காலரும் கைப்பகுதியும் இல்லாவிட்டால் பாதி வீச்சுகள் காற்றில் போகும். மாற்று இப்படி: கைப்பகுதிப் பிடிக்குப் பதில் முழங்கைக்கு மேலே, புஜத்தின் பின்பக்கம். காலர் பிடிக்குப் பதில் அண்டர்ஹூக் (எதிராளியின் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்த பிடி) அல்லது பின்கழுத்து. ஓ-உச்சி-காரி, கோ-உச்சி-காரி, உச்சி-மாதா என்ற மூன்று வீச்சுகளும் இந்த மாற்றுப் பிடிகளில் நன்றாகவே ஓடும். முழுசாகத் திரும்பி முதுகைக் காட்டும் செயோ-நாகே (தோள்மேல் தூக்கி வீசுவது) மட்டும் கவனம். பாதியில் நின்றுவிட்டால் எதிராளி முதுகில் ஏறிவிடுவார். உடையில்லாத பிஜேஜேயில் அது மிக மோசமான இடம்.

#7 கம்புக்காரன்

சிலம்பக்காரங்களை விட்டுட்டீங்களே. கம்பு சுத்துறவருக்குக் குத்துச்சண்டை சேருமா?

#8 மூணாம்ரவுண்டு

சேரும். தூரத்தை அளக்குற கண்ணும், நேர்க்கோட்டை விட்டுச் சாய்வா அடியெடுத்து விலகுற காலும் அப்படியே கூட வரும். கைதான் முட்டிக்கும்: பெரிய வட்டமாச் சுழற்றிப் பழகின தோள், ஹூக்கையும் அகலமாவே போடும், எதிராளிக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடும். முதல் ரெண்டு மாசம் நேர்க்குத்து மட்டும் பழகினா சரியாகிடும். முதல் நாளே ஹூக் பழகாதீங்க.

#9 எடைக்கல்

எல்லோரும் நுட்பம் பேசுகிறீர்கள். இரண்டாவது கலையைக் கைவிடுபவர்களில் பலர் நுட்பம் வராமல் விடுவதில்லை, உடம்பு தாங்காமல் விடுகிறார்கள்.

சுமையை அளக்க எளிய முறை: பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. அதே 90 நிமிடம் கடினம் 9 என்றால் 810. வாரக் கூட்டுத்தொகையைக் குறித்து வையுங்கள். புதுக் கலையில் எல்லாமே கடினமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எந்தத் தசையைத் தளர்த்தலாம் என்று உடம்புக்கு இன்னும் தெரியாது. அதனால் முதல் நாலு வாரம் பிடிக் கலை நாட்களில் கடினத்தை 5-க்குள் வையுங்கள். அதாவது நுட்பமும் மெதுவான ரோலிங்கும் (தரையில் பிடிச்சண்டை பழகுவது) மட்டும்.

அந்த நாலு வாரம் கழிந்தபின் நாலு நாளைப் பிரிப்பது இப்படி: முதல் நாள் குத்துச்சண்டை ஸ்பாரிங், இரண்டாம் நாள் பிடிக் கலை நுட்பம், ஒரு நாள் ஓய்வு, மூன்றாவது அமர்வு குத்துச்சண்டை பேட் வேலை (துணைவர் பிடிக்கும் மெத்தையில் குத்துவது), அடுத்த நாள் பிடிக் கலையில் முழு எதிர்ப்போடு ரோலிங். இரண்டு கலையிலும் கடுமையான ஸ்பாரிங்கை 24 மணி நேரத்துக்குள் வைக்காதீர்கள். குறிப்பாக உடைப்பிடி பழகிய மறுநாள் கனமான பையைக் குத்தாதீர்கள். முன்கை களைத்திருக்கும், கை இறுக மூடாது, மணிக்கட்டு மடங்கிச் சுளுக்கும். விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கும்.

தலையில் அடிபட்டுத் தலைவலி, மயக்கம், குமட்டல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் இரண்டு கலைக்கும் சேர்த்தே நிறுத்தம். "குத்துச்சண்டை வேண்டாம், ரோலிங் மட்டும் போகிறேன்" என்பது சமாளிப்பு. தரையிலும் தலை குலுங்கத்தான் செய்யும். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை திரும்ப வேண்டாம்.

ஒருகலைக்கு ஒரு வார்த்தை: வாரத்துக்கு இரண்டு தரமான அமர்வு இருந்தால் ஊறிய கலை எளிதில் தேயாது, வளர்ச்சி மட்டும்தான் மெதுவாகும். அது கொடுக்க வேண்டிய விலைதான், மறுக்கவில்லை.

#10 வளைகரம்

ரொம்பப் பயனா இருக்கு. ரெண்டு சந்தேகம். டபுள் லெக்ல தலையை எங்கே வெச்சா கில்லட்டின் (முன்பக்கமிருந்து கழுத்தைக் கட்டி நெரிக்கிறது) விழாது? அப்புறம், ரெண்டு கலையையும் தனித்தனியாப் பழகினா தானா ஒட்டிக்குமா, இல்லை ஒட்ட வைக்கத் தனிப் பயிற்சி வேணுமா?

#11 தரைவாசி

தானாக ஒட்டாது. இரண்டையும் நன்றாகத் தெரிந்தவர்களே குத்திலிருந்து பிடிக்கு மாறும் அரை நொடியில் கையைத் தொங்கவிடுவார்கள், பிடியிலிருந்து விலகும்போது பின்னால் நேராக ஓடுவார்கள். இரண்டு கலையிலும் அந்த இடத்தைச் சொல்லித்தருவதில்லை, அது யாருடைய பாடத்திட்டத்திலும் இல்லை.

தலை விஷயம் முதலில். டபுள் லெக்கில் காதை எதிராளியின் விலாவோடு ஒட்டி, கண் மேலே பார்க்க வேண்டும். பார்வை தரைக்குப் போனால் கழுத்து நீளும், நீண்ட கழுத்துதான் மாட்டும். மல்யுத்தத்தில் நெரிப்பு இல்லாததால் சில ஆசிரியர்கள் இதைக் கண்டிக்க மாட்டார்கள். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பிடித்தபின் அங்கேயே நிற்காதீர்கள். தலையால் விலாவைப் பக்கவாட்டில் தள்ளி, தலை இல்லாத பக்கமாக அவரைச் சாய்க்க வேண்டும். கழுத்து சிக்கிவிட்டால் முதலில் நெரிக்கும் கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இறக்குங்கள். தரைக்கு வந்துவிட்டால் தலை சிக்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பை நகர்த்தித் தோளால் அழுத்துங்கள். அதே பக்கம் நின்றால் நெரிப்பு இறுகும். சிங்கிள் லெக்கில் (ஒரு காலை மட்டும் பிடிப்பது) தலை உள்பக்கம், எதிராளியின் நெஞ்சோடு ஒட்டி இருக்கும். குத்துச்சண்டையிலிருந்து வருபவருக்கு அதில் ஆபத்து குறைவு, அதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்து, எழுந்து நிற்பது. இடது முன்கால் நிற்புக்காரருக்கு: உட்கார்ந்த நிலையில் வலது உள்ளங்கையைப் பின்னால் ஊன்றுங்கள், இடது பாதம் முன்னால் தரையில், இடது முன்கை முகத்துக்கு முன்னால் சட்டம்போல. வலது கையிலும் இடது பாதத்திலும் எடையைக் கொடுத்து இடுப்பைத் தூக்குங்கள். வலது காலை இடுப்புக்கு அடியில் இழுத்து, ஊன்றிய கைக்குப் பின்னால் வையுங்கள். கையை எடுத்து நிமிர்ந்தால் நீங்கள் நிற்பது உங்கள் குத்துச்சண்டை நிற்பு. வழக்கமாக நடக்கும் தப்பு, வலது காலைக் கைக்கு முன்னாலேயே வைத்துவிடுவது. அப்போது எடை குதிகாலில் விழும், லேசாகத் தள்ளினாலே மறுபடி உட்கார்ந்துவிடுவீர்கள்.

ஒட்டுவதற்கான பயிற்சி, எடைக்கல் சொன்ன மூன்றாவது அமர்வின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில். மூன்று நிமிட ரவுண்டு மூன்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, விரல் திறந்த கிளவுஸ், குத்தின் வேகம் பாதிக்கும் கீழே.

முதல் ரவுண்டில் ஒருவர் ஜாபும் கிராஸும் மட்டும். மற்றவர் உள்ளே வந்து உடம்பைக் கட்டிப்பிடிக்க மட்டும். பிடி விழுந்ததும் பிரிந்து மறுபடி தொடக்கம், பாதியில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் ரவுண்டில் ஒருவர் முதுகைச் சுவரில் சாய்த்து, பிடி விழுந்த நிலையில் தொடக்கம். அவர் அண்டர்ஹூக் பிடித்துத் திரும்பி வெளியேற வேண்டும், வெளியே வந்ததும் இரண்டு குத்து, அதற்கு மேல் கிடையாது. அந்த இரண்டு குத்துக்குத்தான் இந்த ரவுண்டே. விலகுவதோடு நின்றால் மறுபடி பிடிபடுவார். மூன்றாவதில் ஒருவர் மல்லாந்து படுத்த நிலையில், 20 நொடிக்குள் எழ வேண்டும்.

#12 ஒருகலை

ரவுண்டு இரண்டு நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதையெல்லாம் முதல் கலை வேர் விடாதவர் படித்துவிட்டு இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்குவார், அதுதான் என் கவலை. பட்டையின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் இப்படிப் பாருங்கள்: மூன்று நிமிட ரவுண்டின் கடைசி அரை நிமிடத்தில் நிற்பு கலையாமல் இருக்கிறதா? தன் எடையுள்ள, முழுசாக எதிர்க்கும் எதிராளி மேல் ஒரு தாக்குதலாவது ஒரு தற்காப்பாவது நம்பகமாக விழுகிறதா? அது தவறும்போது ஏன் தவறியது என்று அவராலேயே சொல்ல முடிகிறதா? மூன்றாவதுதான் முக்கியம். அது இல்லாதவருக்கு இரண்டாவது ஆசிரியர் சொல்வது முதல் ஆசிரியர் சொன்னதோடு மோதுகிறதா, துணை நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

#13 எடைக்கல்

ஒருகலை சொன்ன மூன்றையும் ஏற்கிறேன். அதைத் தாண்டியவர் புதுக் கலையில் ஒரே நுட்பத்தை ஐம்பது முறை வரிசையாகச் செய்வதைவிட இரண்டு மூன்றைக் கலந்து செய்வது நல்லது. கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினாலும் பிற்பாடு நினைவில் வைத்திருப்பது அதிகம் என்று ஆய்வாளர்கள் ஷீயும் மார்கனும் 1979-ல் காட்டினார்கள். ஆகவே வகுப்பில் சொதப்புவதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

பாய்க் கலைக்குப் போகும் குத்துச்சண்டைக்காரர்கள் மறப்பது தோல். படர்தாமரை பாயில் எளிதில் பரவும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், முடிந்த உடனே குளியுங்கள், உடையை ஒரு முறைக்கு மேல் துவைக்காமல் போடாதீர்கள். வட்டமாகச் சிவந்த தடிப்பு தெரிந்தால் துணி சுற்றிக்கொண்டு போகாமல், ஆறும் வரை பாயில் ஏறாதீர்கள்.

#14 வளைகரம்

மல்யுத்தம் சொல்லித்தர இடம் பக்கத்துல இல்லைன்னா? பிஜேஜே மட்டும்தான் இருக்கு.

#15 மடிப்பிடி

பிஜேஜேக்கே போங்கள். சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்து, மூன்றைக் கவனியுங்கள். ரோலிங் முட்டி போட்டே தொடங்குகிறதா, நின்று தொடங்கும் ரவுண்டும் உண்டா? முட்டி போட்டு மட்டும் என்றால் உங்களுக்கு வேண்டிய பாதி அங்கே இல்லை. உடையில்லாத வகுப்பு வாரத்தில் எத்தனை? பூட்டு விழுந்து ஒருவர் தட்டியதும் மற்றவர் உடனே விடுகிறாரா, இன்னொரு இழுப்பு இழுக்கிறாரா? மூன்றாவதில் சந்தேகம் இருந்தால் வேறு இடம் பாருங்கள். முதல் இரண்டும் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை. வகுப்பு முடிந்ததும் ஒத்த எடையுள்ள ஒருவரைக் கேட்டு, நின்றபடி பத்து நிமிடம் பிடிச்சண்டை பழகிக்கொள்ளலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.